மஞ்சுவுக்கு அரைத்த மாவு

அந்தமான் ஹாடோ ஜெட்டியில் சம்பந்தி கப்பலை விட்டு இறங்கினார். அவர் பெட்டியைக் கையில் வாங்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சர்தார்ஜி, நான் இந்தத் தீவுக்கு வந்தப்போ கையில ஒரு தகரப் பெட்டி, இடுப்புல ஒரு வேட்டி. படிப்பு மூணாங்கிளாஸ். சிப்பிகாட்ல முதல் மாவு மில் நான் போட்டது. கரண்ட் வராத காலத்துல டீசல் இன்ஜினை எட்டுப் பேர் தோள்ல தூக்கிக் கொண்டாந்தேன். சுனாமில கடல் வந்து மில்லை முழுசா முழுங்கிச்சு. சௌல்தாரில மேடாப் பார்த்து இடம் பிடிச்சு மறுபடி கட்டினேன். பாறையில கிணறு எடுத்தேன். எல்லாரும் தண்ணி வராதுன்னாங்க, வந்துச்சு. வீட்டை ரெண்டு தடவை மரத்துல கட்டி, மூணாவது தடவை கான்கிரீட்ல கட்டினேன். பையனைப் படிக்க வெச்சு ஹார்பர்ல உட்கார வெச்சேன். எல்லாம் இந்த ரெண்டு கை."

இத்தனையும் இந்தியில் சொன்னேன். என் இந்தி தீவு இந்தி. ஆண்பால் பெண்பால் பார்க்காது, ஆனால் நடுவில் நிற்காது.

சர்தார்ஜி ஆறடி மனிதர். பட்டாளத்தில் இருந்தவர். வெள்ளைத் தாடி காற்றில் ஆட, தலையை ஆட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். பிறகு, 'சமதி' என்று இந்தியில் சம்பந்தி முறை சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் கட்டினீங்க, சமதி ஜி. என் பொண்ணு மட்டும் ஏன் கரைஞ்சு போயிட்டா?"

ஜெட்டியில் டீசல் வாசனை. மேலே கிரேன் ஒன்று சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய டீசல் இன்ஜின் கதையைப் படித்துவிட்டு, "பெரியவருக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் நிம்மதியாகப் படிக்கலாம்.

இட்லிக்காகக் கொடுத்த பெண்

என் மகன் சேகருக்கு இரண்டு வருஷம் கேம்பல் பேயில் வேலை. தீவுகளின் தெற்குக் கோடி அது. பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர். அங்கே பஞ்சாபிக்காரர்கள் தென்னந்தோப்பு வைத்திருப்பதை மெயின்லேண்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் மன்ஜீத். சேகர் எதைக் கணக்குப் பண்ணினானோ, ஒரு நாள் போனில், "அப்பா, ஒரு விஷயம்" என்று இழுத்தான். நானும் என் மனைவி பாக்கியமும் கப்பல் ஏறினோம். இரண்டு நாள் பாக்கியம் வாந்தி எடுத்தாள். வாந்திக்கு நடுவில் என்னையும் திட்டினாள்.

சர்தார்ஜி சாதி கேட்கவில்லை. நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்ததையும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க வீட்ல மூணு வேளையும் என்ன சாப்பாடு?"

"காலையில இட்லி. மதியம் சோறு. ராத்திரி தோசை," என்றேன்.

"ரொட்டி?"

"எங்க அடுப்புக்கு ரொட்டின்னா என்னன்னே தெரியாது."

மனிதர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பஸ், இது போதும்! பொண்ணு உங்களுக்குத்தான்."

காரணம் பிறகுதான் தெரிந்தது. மன்ஜீத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு உப்பும், சாப்பிட்டது ஒட்டாது, வாயெல்லாம் புண், உடம்பில் ரத்தமே இல்லை. மெயின்லேண்டுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்ததில், கோதுமையில் இருக்கும் குளூட்டன் இவள் குடலுக்கு ஆகாது, வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வேளையும் ரொட்டி சுடும் வீட்டில் இது என்ன கொடுமை பாருங்கள். குருத்வாராவில் கையில் வைக்கும் பிரசாதம்கூடக் கோதுமை அல்வா. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம்பியிடம் கொடுத்துவிடுவாளாம்.

குளூட்டன் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கத்தை எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். அரிசி மாவை அப்படி வீசிப் பாருங்கள், மாஸ்டர் தலையில்தான் விழும்.

பாக்கியத்தின் அடுப்படி

மன்ஜீத் எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே மஞ்சு ஆகிவிட்டாள். அந்த வாரமே பாக்கியத்தின் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து லேபிள் படிக்கத் தொடங்கினாள்.

"அத்தே, ரவை கோதுமை. சேமியா கோதுமை. இந்த மால்ட் பவுடர் பார்லி, அதுவும் கூடாது."

"சரிடி, எடுத்துப் போடு."

"இந்தப் பெருங்காயமும்."

பாக்கியம் இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டி, பெருங்காயத்துல எங்கடி வந்துச்சு கோதுமை?"

மஞ்சு டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். பெருங்காயம் கொஞ்சம், அதைக் கட்டியாக்கக் கலந்த மாவுதான் நிறைய. மைதா என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாற்பது வருஷமாக ரசத்தில் போட்ட சாமான் இப்படி என்று தெரிந்ததும் பாக்கியம் அந்த டப்பாவைத் துரோகியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். அன்று முதல் எங்கள் ரசத்துக்குப் பூண்டு இரண்டு பல் கூடுதல். அரிசி மாவில் கட்டிய பெருங்காயமும் கிடைக்கிறது, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். பழைய தோசைக்கல்லில் எப்போதோ கோதுமை தோசை சுட்டிருந்தால் அந்தக் கல் வேண்டாம், புதுசு வாங்கிப் பழக்குங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அப்பளமும் கெட்டது. மரக்கரண்டி, சல்லடை, மாவு பிசையும் பலகை எல்லாம் தனி. சல்லடைக் கண்ணில் ஒட்டின மாவை எந்தச் சோப்பும் எடுக்காது. ஓட்டல் சாம்பாரில் கெட்டியாக இருக்கட்டும் என்று மைதா கரைத்து ஊற்றும் ஆள்கள் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சோயா சாஸிலும் கோதுமை ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. உங்களுக்கும் இந்த வியாதி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உடனே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையில் தெரியுமாம். இது மஞ்சு சொன்னது, அவள் டாக்டர் அவளுக்குச் சொன்னது.

சாப்பிட என்ன இருக்கிறது என்று அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, உளுந்து, கடலை மாவு, ஜவ்வரிசி, மரவள்ளி, வாழைக்காய், தேங்காய். அப்புறம் எங்கள் கடல் முழுக்க மீன். நிக்கோபாரிக்காரர்கள் தாழம்பழத்தை அவித்துப் பிசைந்து அதையே உணவாகச் சாப்பிட்டு மலை மாதிரி இருக்கிறார்கள். கோதுமையைக் கேட்டா பிறந்தோம்?

முதல் சில மாதம் மஞ்சு நன்றாகத்தான் இருந்தாள். பாக்கியத்தின் இட்லி வீட்டு கிரைண்டரில் அரைத்தது, அதில் ஒரு குறையும் இல்லை. கன்னத்தில் சதை வைத்தது. பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது.

பாதி சாத்திய ஜன்னல்

பக்கத்து வீடு பீகார்க்காரர்கள். சாயங்காலம் அவர்கள் அடுப்பில் ரொட்டி சுடும் வாசனை வரும். மஞ்சு அப்போது ஜன்னலை மூடமாட்டாள், நன்றாகத் திறந்தும் வைக்கமாட்டாள். பாதி சாத்தி வைப்பாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கவனித்தேன். படிக்காதவனுக்குக் கண்தான் புத்தகம்.

"பாக்கியம், அரிசி மாவுல ரொட்டி சுடு," என்றேன்.

"பிஞ்சு போகும்."

"போகாத மாதிரி சுடு."

இரண்டு நாள் பிய்ந்து போனது. மூன்றாம் நாள் வந்தது. எப்படி என்று சொல்கிறேன். தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதிக்கும்போதே மாவைக் கொட்டிக் கிளறி அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசையுங்கள், நன்றாகப் பிசையுங்கள், ஆறிப்போனால் எல்லாம் வீண். வாழை இலையில் தட்டிக் கல்லில் இரண்டு பக்கமும் போட்டுவிட்டு நெருப்பில் காட்டினால் உப்பும். மாவு புதுசாக, பட்டு மாதிரி இருக்கவேண்டும். அது முக்கியம்.

முதல் ரொட்டி உப்பினபோது மஞ்சு தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். "அத்தே! ஃபூல் கயா, உப்பிடுச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். அன்று நாலு ரொட்டி சாப்பிட்டாள், பருப்பும் வஞ்சிர மீன் வறுவலுமாக.

அன்றே நான் சபதம் எடுத்தேன். மருமகளுக்குத் தினமும் புது மாவு. கடைப் பாக்கெட் கிடையாது. என் மில், என் கல், என் அரிசி.

மில்லில் இரண்டு மிஷின். ஒன்று கோதுமைக்கு, அது நாள் முழுக்க ஓடும். இன்னொன்று அரிசி, உளுந்து, மல்லி, மிளகாய்க்கு. மஞ்சுவின் அரிசி கோதுமை மிஷின் பக்கமே போகாது என்று சேகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மில்லை ஓட்டுவது சுக்ரா. ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம், எனக்கு முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து என்னோடு இருக்கிறவன். அவனைக் கூப்பிட்டு, "பஹுவோட அரிசி, என் மருமகளோடது. காரம் ஒட்டக்கூடாது. கல்லை நல்லாக் கழுவிட்டு அரை," என்றேன்.

"ஜி மாலிக்," என்று முதலாளிக்குத் தலையாட்டினான்.

யார் கண் பட்டதோ

இரண்டு மாதம் ஓடியிருக்கும். மஞ்சுவின் வளையல் கழன்று விழத் தொடங்கியது.

வயிறு உப்பியது. முடி கொட்டியது. பள்ளியிலிருந்து வந்தால் நேராகக் கட்டில். தெருப் பெண்கள் பாக்கியத்திடம், "விசேஷமா?" என்று கண்ணடித்துக் கேட்டார்கள். பாக்கியம் கண் கலங்கி உள்ளே வந்துவிடுவாள். டாக்டர் பார்த்துவிட்டு, "எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகுது" என்றார்.

"என் வீட்டுலயா? வீட்டு வாசப்படில கோதுமை கால் வைக்காது டாக்டர்!" என்று சத்தம் போட்டேன். அவர் என்னை வெளியில் உட்காரச் சொன்னார்.

பள்ளி விடுமுறைக்குப் பிறந்த வீட்டுக்குப் போனாள். மூன்று வேளையும் ரொட்டி சுடுகிற வீடு அது. ஒரு மாதம் கழித்து வந்தாள், கன்னத்துச் சதை திரும்பியிருந்தது! கோதுமை வீட்டில் பெண் தேறுகிறாள், அரிசி வீட்டில் பெண் தேய்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். அங்கே அவள் சாப்பிட்டது வெறும் சோறும் பருப்பும் கடைப் பாக்கெட் மக்காச்சோள மாவும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. கடைப் பாக்கெட்டை விட என் மாவு மட்டமா?

அவள் திரும்பியதும் கவனிப்பை இரண்டு மடங்கு ஆக்கினேன். சுக்ராவிடம் போய், "மருமகளுக்கு அரைக்கிறப்போ ஒரு தடவை கழுவினாப் பத்தாது. ரெண்டு தடவை கழுவு," என்று உத்தரவு போட்டேன். தினமும் சாயங்காலம் நானே மாவைச் சுமந்துகொண்டு வந்தேன், இளஞ்சூட்டோடு, நெஞ்சோடு அணைத்து.

மஞ்சு முன்னை விட வேகமாக இளைத்தாள்.

அப்போதுதான் சர்தார்ஜி கப்பல் ஏறி வந்தார். ஜெட்டியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்தபடி என்னிடம் சொன்னார்: "ஷிப் நாலு நாள்ல திரும்புது. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். திரும்ப அனுப்புறதைப் பத்தி இப்போ கேக்காதீங்க."

சேகர் வாசலில் நின்றுகொண்டு செருப்பைப் பார்த்தான். மஞ்சு அப்பாவையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

பட்டாளத்து ஆய்வு

"கூட்டிட்டுப் போங்க. ஆனா முதல்ல என் வீட்டைச் சோதிச்சுப் பாருங்க. ஒரு துளி கோதுமை கண்டுபிடிச்சுட்டா நான் மீசையை எடுத்துடறேன்," என்றேன்.

மறுநாள் காலையில் சர்தார்ஜி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். டப்பா டப்பாவாகத் திறந்தார். தோசைக்கல்லைத் திருப்பிப் பார்த்தார். கிரைண்டருக்குள் கையை விட்டார்.

"இங்கேருங்க, உங்க சம்பந்தி என் அஞ்சறைப் பெட்டியை மோந்து பார்க்குறாரு," என்று பாக்கியம் பல்லைக் கடித்தாள்.

"பார்க்கட்டும். பாஸ் ஆயிடுவே."

பாஸ் ஆனாள். சர்தார்ஜியே கை கூப்பி, "பெஹன் ஜி, என் வீட்டு கிச்சன்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது," என்றார். பாக்கியத்துக்கு இந்தி பாதிதான் புரியும், ஆனால் அந்தப் பாதி நன்றாகப் புரிந்தது. உடனே அவருக்கு இன்னொரு டம்ளர் காபி வந்தது.

"இப்போ மில்லைக் காட்டுங்க," என்றார் அவர்.

நான் எதிர்பார்த்ததே அதுதான். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு படி

மில்லுக்குள் போனதும் சர்தார்ஜி மூன்று தடவை தும்மினார். சுக்ரா அப்போதுதான் மிளகாய் அரைத்து முடித்திருந்தான்.

"இது கோதுமை மிஷின்," என்று காட்டினேன். "அது அரிசி மிஷின். நடுவுல பத்தடி. இந்தப் பக்கத்துச் சாமான் அந்தப் பக்கம் போகாது. சுக்ரா! பஹுவோட அரிசியை அரை. தினமும் எப்படியோ, அப்படியே. சாஹேப் பார்க்கட்டும்."

சுக்ராவுக்கும் பெருமைதான். துண்டை உதறித் தலையில் கட்டினான். மஞ்சுவின் அரிசிப் பையை எடுத்துத் தொட்டுக் கும்பிட்டு ஒரு ஓரமாக வைத்தான். பிறகு மூலையில் இருந்த தகர டின்னில் படியை விட்டு மொண்டான். தலை தட்டி, அரிசி மிஷினின் வாயில் கொட்டினான்.

தங்க நிறத்தில் சரசரவென்று இறங்கியது கோதுமை.

சர்தார்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "யே க்யா ஹை? இது என்ன?"

"கழுவுறேன் சாஹேப்," என்றான் சுக்ரா. "மிளகாய் அரைச்ச கல்லு. தண்ணி படக்கூடாது. ஒரு பிடி கோதுமை ஓட்டினாக் காரத்தை எல்லாம் தவிடு இழுத்துக்கும். மத்தவங்களுக்கு ஒரு பிடி. பஹுவுக்கு மட்டும் ஒரு படி." கொஞ்சம் நிறுத்தி, சிரித்த முகத்தோடு, "ரெண்டு தடவை," என்றான்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணிப்பை வழியாகச் சிவப்பும் வெள்ளையுமாக மாவு விழுந்தது. அது கோழிக்குப் போகும். அதற்குப் பின்னாலேயே, அதே கல்லில், அதே பையில், என் மருமகளின் அரிசி இறங்கும். இத்தனை வருஷம் மாவில் ஊறினவன், கல்லுக்குள் முந்தின மாவு தங்கும் என்று தெரியாதவனா நான்? தெரியும். மிளகாய் தங்கும் என்று தெரிந்துதானே கழுவினேன். கழுவுகிற கோதுமையும் தங்கும் என்று மட்டும் என் மண்டைக்கு எட்டவே இல்லை. கோதுமை என்றால் எனக்குத் தானியம், இது சோப்பு. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சர்தார்ஜிக்கு முகம் சிவந்துவிட்டது. சுக்ராவின் சட்டையைப் பிடித்தார். "பேவகூஃப்! என் பொண்ணைக் கொல்லப் பார்த்தியா? எவன் சொன்னான் உனக்கு இப்படிச் செய்ய?"

சுக்ரா என்னைப் பார்த்தான். நான் சும்மா இருந்தால் அவனும் கடைசிவரை சும்மா இருந்திருப்பான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு தலையாட்டலில் பழி அவன் மேல் போயிருக்கும். சம்பந்தி முன்னால் என் மானமும் தப்பியிருக்கும்.

ஆனால் என்னால் முடியவில்லை.

"அவனை விடுங்க சர்தார்ஜி," என்றேன். "அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. இது என் கண்டுபிடிப்பு. அந்தமான்ல வேற எந்த மில்லுக்காரனுக்கும் இது தோணினதில்லை. ஒரு பிடி சொன்னதும் நான், படி சொன்னதும் நான், ரெண்டு தடவை சொன்னதும் நான்."

சர்தார்ஜி சட்டையை விட்டார். என் பக்கம் திரும்பினார். தாடிக்குள் ஏதோ அசைந்தது. "பட்டாளத்துல எத்தனையோ பேர் தப்பை ஒத்துக்கிட்டதைப் பார்த்திருக்கேன்," என்றார். "இவ்வளவு பெருமையா ஒத்துக்கிட்ட ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

சுக்ரா மிஷினை நிறுத்தினான்.

எனக்கு ஒரு கல்

வீட்டில் மஞ்சு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு இருந்தாள். நானே சொல்கிறேன் என்று சர்தார்ஜியிடம் சொல்லிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன். சிவப்புப் பேனா நடுத் தாளில் நின்றது.

"ரெண்டு தடவையா, மாமா?"

"ரெண்டு தடவை."

"கைப்பிடியா?"

"படி."

"தலை தட்டியா, கோபுரமாவா?"

கணக்கு டீச்சர் பாருங்கள். "தலை தட்டித்தான்மா," என்றேன்.

மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பாக்கியம் ஓடி வந்து பார்த்தால், சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அது நிஜ அழுகையாகவும் ஆகிவிட்டது. "இத்தனை நாளா என் உடம்புலதான் இன்னும் ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன் மாமா," என்றாள். அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நாலாம் நாள் அப்பாவோடு கப்பல் ஏறினாள். நான் தடுக்கவில்லை. ஏறும்போது சேகரிடம் ஏதோ சொன்னாள், பிறகு என்னிடம் வந்தாள். "எனக்குன்னு ஒரு கல் வேணும் மாமா. அதுல வேற எதுவும் போகக்கூடாது. வந்ததும் போன் பண்ணுங்க. நான் வர்றேன்."

"வாக்கா?"

"நீங்க வாக்குக் கொடுங்க முதல்ல," என்றாள்.

சென்னையிலிருந்து மிஷின் வரவேண்டும். இங்கே எதுவுமே மெயின்லேண்டிலிருந்துதானே வரவேண்டும். ஒரு கப்பலில் இடமில்லை, அடுத்த கப்பலைப் புயல் நிறுத்தியது. சேகர் தினமும் ஹார்பரிலிருந்து வந்து உதட்டைப் பிதுக்குவான். அந்த நாளில் நான் சும்மா இருக்கவில்லை. மில்லிலிருந்து தள்ளி, காற்று இந்தப் பக்கம் மாவைக் கொண்டுவராத இடமாகப் பார்த்துத் தனி அறை கட்டினேன். புதுக் கல், புதுச் சல்லடை, புதுத் துணிப்பை. பழைய மிஷினைக் கழுவி உபயோகிக்கலாமே என்று கேட்டவர்களிடம், கழுவுகிற பேச்சையே எடுக்காதே என்று விரட்டினேன். சுக்ரா குளித்து வேறு உடுப்புப் போட்டால்தான் உள்ளே போகலாம் என்று சட்டம். முதல் நாள் அந்தச் சட்டத்தில் மாட்டினது நான்தான். தலையெல்லாம் மாவோடு நுழையப் போனேன், சுக்ரா கையை நீட்டி மறித்துவிட்டான். "மாலிக், நஹானா. குளிச்சுட்டு வாங்க."

உங்கள் ஊரில் இப்படித் தனி மிஷின் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். பொது மில்லுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது வீட்டு மிக்ஸியில் அரைத்துப் புதுச் சல்லடையில் சலியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், மிக்ஸி சூடானால் மாவு கட்டி தட்டும். கப்பலிலோ ரயிலிலோ போகும்போது தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்கிற சொந்தக்காரரை என்னிடம் அனுப்புங்கள்.

மிஷின் வந்த அன்றே போன் பண்ணினேன். அடுத்த கப்பலில் அதே ஜெட்டியில் மஞ்சு இறங்கினாள். வளையல் கையில் நின்றது. வீட்டுக்குப் போகாமல் நேராக மில்லுக்குத்தான் போனாள். அறை மூலையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். அப்பாவின் பெண். கதவுக்கு இரண்டு சாவி என்றதும் இரண்டையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரொட்டி உப்பியது. அதற்கடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அவள் இளைக்கவில்லை. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இப்போ சரி" என்றார். என்னை வெளியில் உட்காரச் சொல்லவில்லை.

பாக்கெட்டில் என் பெயர்

இப்போது அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை. ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளில் கோதுமை ஆகாத விருந்தாளிகள் வருகிறார்கள், சமையல்காரர்கள் மஞ்சுவின் மாவைக் கேட்டு வாங்குகிறார்கள். உள்ளூரிலும் இரண்டு மூன்று பேர், இத்தனை வருஷம் வயிற்று வலி என்று இருந்தவர்கள், அவள் பேச்சைக் கேட்டு டாக்டரிடம் போய்த் தெரிந்துகொண்டார்கள். சர்தார்ஜி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "சமதி ஜி, இன்னிக்கு எதையாவது கழுவினீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

போன மாதம் மஞ்சு பாக்கெட்டுக்கு லேபிள் அடித்துக் கொண்டுவந்தாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மேலே "மஞ்சு அரிசி மாவு." அதன் கீழே "கோதுமை தொடாத கல்லில் அரைத்தது." பின்பக்கம் ரொட்டி சுடும் முறை, "செய்முறை: பாக்கியம்." அரைப்பவர் சுக்ரா என்றுகூடப் போட்டிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என் பேரு எங்கேம்மா?"

"இடம் இல்லை மாமா."

"அரைச்சவனுக்கு இடம் இருக்கு. மில்லு போட்டவனுக்கு இல்லையா?"

"என்னன்னு போடறது, நீங்களே சொல்லுங்க," என்றாள். அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. நான் வழக்கம்போல் டீசல் இன்ஜினிலிருந்து ஆரம்பிப்பேன் என்று நினைத்துவிட்டாள்.

நான் ஆரம்பிக்கவில்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், பத்திரிகையில் வந்துவிட்டால் அவளால் மறுக்க முடியாது.

இந்தத் தனிக் கல்லைப் போட்டவன் முத்துக்கருப்பன். கோதுமை போட்டுக் கழுவி மஞ்சுவைப் படுக்கையில் போட்டவனும் அதே முத்துக்கருப்பன். வேறு யாரும் இல்லை, சுக்ரா இல்லை. அது நடக்காவிட்டால் இந்தக் கல்லே வந்திருக்காது. இரண்டையும் போடவேண்டும். ஒன்றை மட்டும் போடுவதானால் இரண்டாவதைப் போடு, மாவு வாங்குகிறவர்கள் அதைத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை மஞ்சு. பெருங்காய டப்பாவில் மைதா என்று போட்டிருக்கிறார்களே, அந்த அளவுக்கு இருந்தால் போதும். நீதான் எல்லாவற்றையும் படிப்பாயே.